மின்னூல் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

என் பெரியப்பா 2001-இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பை மின்னூலாக்க, திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடையில் பேஜ்மேக்கர் (அச்சுப் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள்) கோப்புடன் கொடுத்தேன். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவே மின்னூல் கேட்டார்.

வந்த இபப் (மின்னூல் வடிவம்) கோப்பைத் திறந்ததும் வயிறு எரிந்தது. ‘கொன்றை’ என்ற தலைப்பு ‘ெகான்ைற’ என்று கிடந்தது. கவிதை வரிகளெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாகிவிட்டன. நடுவே பக்க எண்கள்.

“தமிழ் ஃபாண்ட் என்றால் இப்படித்தான் சார் வரும்” என்றார் கடைக்காரர். அது பொய். மூலக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, ஏதோ இலவச இணையதளத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள். எந்த எழுத்து தாளில் எங்கே நிற்கிறது என்பதுதான் பிடிஎஃப்பில் இருக்கும். கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிவதால், வெளியே எடுக்கும்போதும் கொம்பு முதலில் வந்து விழுகிறது. மாற்றுவதற்கு மிக மோசமான வடிவங்களில் பிடிஎஃப் ஒன்று என்று காலிபர் என்ற மின்னூல் மாற்றும் மென்பொருளின் கையேடே சொல்கிறது.

சண்டை போட்டபின் இன்னொரு கோப்பு அனுப்பினார்கள். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. எழுத்தளவைக் கூட்டினேன், அசையவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் படமாக எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்! முதல் கோப்பைவிட இதுதான் பெரிய ஏமாற்று. பெரியப்பாவுக்கு இது எதற்கு உதவும்?

முறையான வழி கடினமானதல்ல. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் ஏற்கும் முன், அச்சகத்துக்கு அச்சகம் வேறு வேறு குறியீட்டில் எழுத்துரு புழங்கியது. அதனால் மூலக் கோப்பின் எழுத்தை முதலில் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்துமாற்றி மென்பொருளில் யூனிகோடாக்க வேண்டும். பிறகு வேர்டில் தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ பாணி கொடுத்து, காலிபரில் இபப் ஆக்கலாம். வரி பிசகினால் சிகில் என்ற இபப் திருத்தும் மென்பொருளில் திருத்தலாம். வேர்டைத் தவிர மற்றவை இலவசம். ஒரு கவிதையை வீட்டில் இப்படிச் செய்து பார்த்தேன். பெரியப்பா உடைத்த இடத்தில்தான் ஒவ்வொரு வரியும் உடைந்தது.

நேரமில்லாமல் கடையில் கொடுப்பவர்கள், முன்பணத்துக்கு முன்பே ஒரு அத்தியாயத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். அதில் ‘கொ’, ‘பொ’ வரும் சொல்லைத் தட்டச்சு செய்து தேடுங்கள். கிடைக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எழுத்தளவைக் கூட்டியும் பாருங்கள்.

என் முன்பணம் இன்னும் திரும்பவில்லை. ரசீதில் ‘டிடிபி வேலை’ என்று மட்டும் எழுதியிருப்பதால் கடைக்காரர் கையை விரிக்கிறார். ‘யூனிகோட் எழுத்தில், தேடக்கூடிய இபப்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.