ஹவுஸ்கீப்பிங் கற்க எந்த வழி? பினாங்கிலிருந்து ஓர் ஒப்பீடு

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த என் அக்கா மகளும், பத்து ஃபெரிங்கி கடற்கரை ஹோட்டலில் பன்னிரண்டு வருடமாக ரூம் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரே வாரத்தில் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஹவுஸ்கீப்பிங்கை, அதாவது ஹோட்டல் அறைகளையும் துணிகளையும் பராமரிக்கும் வேலையை, முறையாகப் படிக்க எங்கே போகலாம்? இருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு.

அரசின் சமூகக் கல்லூரியான கோலேஜ் கொமுனிட்டியின் குறுகிய காலப் பயிற்சி எல்லாவற்றையும்விட மலிவு. ஓரிரு நாளில் முடிந்துவிடும், வேலைக்குப் போகிறவர்களும் சேரலாம். விரிப்பின் மூலையை மடித்துச் செருகும் விதம் அங்கேயே புரிந்துவிடும். ஆனால் ஒரு ஷிப்டில் பதினான்கு அறை முடிக்கும் வேகம் கை பழகினால்தான் வரும். கிடைப்பதும் கலந்துகொண்டதற்கான சான்றிதழ்தான், மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். அல்ல. இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க நல்ல வழி, அவ்வளவே.

தனியார் மையத்தில் எஸ்.கே.எம். படிக்கலாம், திறன் பயிற்சிக்கான அரசு நிதியமான பி.டி.பி.கே.யின் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் அந்தப் பயிற்சிக்கும் அந்த நிலைக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறை. 2005-இல் தொடங்கிய திட்டம். பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு ஹோட்டலிலேயே நடக்கும், மீதி வகுப்பில். முடிவில் எஸ்.கே.எம். கிடைக்கும், பயிலும்போதே மாத உதவித்தொகையும் உண்டு. அது முழுச் சம்பளம் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) இருக்கும்போது கைக்கு எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அதைவிட முக்கியமாக, அந்த ஹோட்டலுக்குச் சொந்த லாண்டரி இருக்கிறதா, துணியை வெளியே அனுப்புகிறார்களா என்று கேட்கச் சொன்னேன்.

ஏனென்றால் ரூம் வேலையில் தப்பு கண்ணுக்குத் தெரியும். கூட இருக்கும் அக்காமார் பார்த்துத் திருத்திவிடுவார்கள். லாண்டரியில் தெரியும்போது காரியம் கெட்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரத்தக்கறை பட்ட விரிப்புகளை நான் நேரே சுடுநீரில் போட்டேன். கறை நூலோடு ஒட்டிக்கொண்டது, அத்தனையும் கந்தலுக்குப் போனது. முதலில் குளிர்ந்த நீர் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சூடு, நேரம், சலவை மருந்து, இயந்திரத்தின் அலசல் என்ற நான்கில் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும் என்பதும் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இயந்திரத்தை அளவுக்கு மீறி நிரப்பினால் துணி புரள இடமே இருக்காது. டிரையரிலிருந்து எடுத்த துவாலையைச் சூடு ஆறாமல் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். அதனால்தான் கடைசியில் சில நிமிடம் சூடில்லாத காற்றில் ஓடவிட வேண்டும். அப்புறம் குளோரின் பிளீச்சும் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரும். இரண்டையும் சேர்த்தால் கிளம்பும் வாயு ஆளையே சாய்த்துவிடும். இதையெல்லாம் காரணத்தோடு சொல்லித்தரும் இடம்தான் பயிற்சி. வெளி லாண்டரிக்கு அனுப்பும் ஹோட்டலில் பாதி பாடம் கைக்கு வராமலேயே போய்விடும்.

சரி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு? பன்னிரண்டு வருடம் செய்த வேலையை அவர் வகுப்பில் உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டியதில்லை. பி.பி.டி. என்ற வழி, ஏற்கெனவே செய்துவரும் வேலைக்கு ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டுக்குப் பின் அதே எஸ்.கே.எம். பெறுவது. அவருக்கு மலாய் சரளமாகப் பேச வரும், பக்கம் பக்கமாக எழுதத்தான் தயக்கம். மகள் தட்டச்சு செய்து தருகிறாள். சூப்பர்வைசரின் அனுமதியோடு, விருந்தினர் காலி செய்த அறைகளில் மட்டும், தான் வேலை செய்யும் படங்களை இந்த வாரம் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்.