24 காட்டுகிறது, புழுக்கம் மட்டும் போகவில்லை

இன்வர்ட்டர் ஏசி, அதாவது தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏசி, விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னிடம் இருப்பதும் அதுதான். போன வாரம்தான் அதற்கு சர்க்யூட் போர்டு மாற்றினார்கள். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை.

சத்தமே இல்லை. கரண்ட் பில்லும் பழைய ஏசி காலத்தைவிட நன்றாகக் குறைந்துவிட்டது. இந்த இரண்டிலும் குறை சொல்ல முடியாது.

எனக்கு ஆகாதது புழுக்கம். திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. ஐப்பசி மழை விட்ட இரவுகளில் திரையில் 24 எரியும், ஆனால் கழுத்தெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும், தலையணை உறை கன்னத்தில் ஒட்டும். மெக்கானிக் வந்து காற்று வரும் இடத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்துவிட்டு, "கூலிங் கரெக்டா இருக்கு சார்" என்கிறார். கூலிங் இல்லை என்று யார் சொன்னது?

தோலில் குளிரை உணர நரம்பு முனைகள் உண்டு, சூட்டை உணரவும் உண்டு. காற்றின் ஈரப்பதத்தை அளக்கவென்று தனியாக எதுவும் கிடையாது. வியர்வை காயாமல் தங்கும்போதுதான் நமக்கு அது தெரிகிறது. 1 லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

டிரெயின் குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட் வைத்திருக்கிறேன். ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கம்பியாக இறங்கும். அறை 24-க்கு வந்ததும் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றைக் குளிர்விக்கும் காயிலின் குளிர்ச்சி குறையும், ஈரம் அதில் படியாது, சொட்டு நின்றுவிடும். கரண்ட் மிச்சமாவதும் இதனால்தான், புழுக்கம் வருவதும் இதனால்தான். தேவைக்கு மேல் டன் வாங்கினால் இன்னும் மோசம். அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும், ஈரம் அப்படியே நிற்கும்.

20-க்கு இறக்கினால் விடியற்காலையில் நடுங்க வேண்டியிருக்கிறது. ஈரத்தை எடுப்பதற்கென்று இருக்கும் ட்ரை மோடு ஓரளவு உதவுகிறது, 26-ல் வைத்து ஃபேனும் போட்டால் அதைவிடத் தேவலை. ஸ்டார் முத்திரை ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் விதி வந்தது. நல்ல விதிதான். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஈரப்பதத்தையும் காட்டச் சொல்லியிருக்கலாம்.

சரி, வாங்கலாமா? மதுரைப் பக்கம் வறண்ட வெயிலில் வீடென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கடலோரம் என்றால், பில் எவ்வளவு குறைந்தாலும் சரி, இன்றைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.