கூடத்துத் தரைக்கு மெஷினா, தேங்காய் எண்ணெயா?

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் எங்கள் வீடு. மூன்று வகைத் தரை. கூடமும் தாழ்வாரமும் தாத்தா காலத்துச் சிவப்பு சிமென்ட். ரேழியை ஒட்டிய அறை, அப்பா போட்ட மொசைக். மாடி, நான் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ். கையால் தேய்ப்பது, வாடகைக்கு பாலிஷ் மெஷின் எடுப்பது, ஆள் வைத்துக் கல் போட்டு இழைப்பது என்று மூன்றையும் பார்த்தாகிவிட்டது.

மாடியை முதலில் முடித்துவிடுகிறேன். டைல்ஸ் பளபளப்போடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. மேலே மெழுகு தடவினால் காலடித் தடம்தான் மிச்சம். அங்கே மங்கலாகத் தெரிவதில் பெரும்பங்கு, போர் தண்ணீரின் உப்பும் தாராளமாக ஊற்றிய சோப்பும்தான். நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்தால் சரியாகிவிடும். மெஷின் வேண்டாம்.

கூடத்தில்தான் போட்டியே. அத்தை பல வருஷமாகச் செய்வது இது: தரையைக் கழுவிக் காயவிட்டு, பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தேய்ப்பார். செம்மண் நிறத்தில் வெளுத்துக் கிடந்தது அடர்சிவப்பாக எழும்பும். செலவு ஒரு கரண்டி எண்ணெய். ஆனால் கை கொஞ்சம் தாராளமானால் வழுக்கும். அறுப்புக் காலத்தில் பறக்கும் தூசியும் வைக்கோல் பொடியும் அதில் ஒட்டி, நாலே நாளில் தரை கறுத்துவிடும். அப்புறம் முழங்கால் வலியை யார் கணக்கில் சேர்ப்பது?

மெஷின் என்பது 17 அங்குல வட்டத் தட்டு. நிமிடத்துக்கு 150, 175 சுற்று. தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஆனால் தேய்ப்பதற்கு அந்தக் கனம்தான் உதவி. தட்டின் அடியில் மாட்டும் பேடின் நிறத்தில்தான் சூட்சுமம். கறுப்பு பழைய மெழுகை உரிப்பதற்கு, பச்சையும் நீலமும் அழுக்கைத் தேய்த்துக் கழுவ, சிவப்பு லேசான சுத்தத்துக்கு, வெள்ளை பளபளப்புக்கு. சிவப்பு சிமென்டில் கறுப்பை வைக்கவே கூடாது. நிறம் மேல்பூச்சில் மட்டும்தான் இருக்கிறது. அதை உரித்துவிட்டால் அடியில் சாம்பல் சிமென்ட். மெழுகை மெலிதாகத் தடவி, காயவிட்டு, வெள்ளைப் பேடை ஓட்டினால் போதும். அரை நாளில் கூடம் முடிந்துவிடும், எண்ணெய் போல தூசியும் ஒட்டாது.

ஓட்டுவதற்குப் பழக வேண்டும். கைப்பிடியை லேசாகத் தூக்கினால் மெஷின் வலப்பக்கம் போகும், தாழ்த்தினால் இடப்பக்கம். இது தெரியாமல் முதல் நாள் நான் மாப் தள்ளுவதுபோல் தள்ளினேன். அது என்னையும் இழுத்துக்கொண்டு போய்த் தூணின் அடிக்கல்லில் மோதி நின்றது. தடம் இன்னும் இருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் குறையும் நேரத்தில் மோட்டார் முனகும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறும். காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

மொசைக்கில் மெஷின் அழுக்கை எடுக்கும். செருப்போடு வந்த மணல் போட்ட கீறலை எடுக்காது. அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கல் போட்டு இழைத்து, கடைசியில் ஆக்சாலிக் ஆசிட் பாலிஷ் போடுவதுதான் வழி. வீட்டுச் சாமான் எல்லாம் வாசலில், சுவரின் அடியெல்லாம் வெள்ளைக் குழம்பு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் தாங்கலாம். கழிவறை கழுவும் ஆசிட்டை மொசைக்கில் ஊற்றாதீர்கள், சலவைக்கல் சில்லுகளை அரித்துவிடும்.

எந்த வழியானாலும் பொங்கலுக்கு முன்னால் வேண்டாம் என்பது என் கட்சி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறி, தரைக்குள் ஈரம் மார்கழி வரை கிடக்கும். மேலே உப்புப் பூக்கும். அதன்மேல் மெழுகு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் தரை வெளிறிப்போகும். மாசியில் காய்ந்த பிறகு செய்தால் நிற்கிறது.

போன மாசியில் கூடத்துக்கு மெஷின்தான். அத்தை வெறுங்காலோடு குறுக்கே நடந்து பார்த்தார். “தேவலாம்டா. ஆனா மூலையெல்லாம் அப்படியே கெடக்குதே?” வட்டத் தட்டு மூலைக்குப் போகாது. பழைய வேட்டித் துணியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.