குமுளியில் ‘கவி சஃபாரி’க்குப் பணம் கட்டுவதற்கு முன்

குமுளிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகள் சிலவற்றில் ‘கவி ஜீப் சஃபாரி, முழு நாள்’ என்று தமிழில் எழுதிய பலகைகள் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்றை நம்பி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து சென்ற எங்கள் குடும்பக் குழு தலைக்கு 1,800 ரூபாய் கொடுத்து, கவியைக் கண்ணால் காணாமலேயே ஊர் திரும்பியது. ஓணம் விடுமுறைக்கு அந்தப் பக்கம் செல்லவிருப்போருக்காக இதை எழுதுகிறேன்.

கவி, பத்தனம்திட்டா மாவட்டத்தில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த சிற்றூர். வண்டிப்பெரியாற்றிலிருந்து வள்ளக்கடவு சோதனைச் சாவடி வழியாகக் காட்டுப் பாதையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அந்தச் சாவடியைச் சுற்றுலா வண்டிகள் நினைத்தபடி கடந்துவிட முடியாது. கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் முன்பதிவு இருக்க வேண்டும். இதைப் பற்றிக் கேட்டபோது முகவர், “பர்மிட்டெல்லாம் நம்ம பொறுப்புண்ணே, நீங்க ஏறி உக்காந்தாப் போதும்” என்றார். கம்பம் பக்கத்துத் தமிழில் அவர் அவ்வளவு உரிமையோடு பேசியதில் எங்கள் பெரியவர்களுக்குப் பெரிய நிம்மதி.

ஜீப் வள்ளக்கடவுப் பக்கமே போகவில்லை. வண்டிப்பெரியாற்றிலேயே ஓட்டுநர் வண்டியைச் சத்திரம் சாலையில் திருப்பி, வழியில் யானைக் கூட்டம் நிற்பதால் கவிப் பாதையை வனத்துறை மூடிவிட்டதாகச் சொன்னார். சத்திரத்தில் தேசிய மாணவர் படையின் விமான ஓடுதளம் இருக்கும் புல்மேட்டருகே எங்களை இறக்கிவிட்டு, எதிரே தெரிந்த மலை மடிப்பைக் காட்டி, “அதுதான் கவி” என்றார். சத்திரம் அழகான இடம்தான், அதில் குறையில்லை; ஆனால் அங்கே போக இவ்வளவு பணம் வேண்டியதில்லை.

நண்பகலில் வண்டிப்பெரியாற்றில் தேநீருக்காக நிறுத்தியபோதுதான் பொய் வெளுத்தது. பத்தனம்திட்டாவிலிருந்து கவி வழியாகக் குமுளிக்குச் செல்லும் அரசுப் பேருந்து எங்கள் எதிரிலேயே வந்து நின்றது. அதிலிருந்து காலிப் பைகளோடு இறங்கிய ஒரு மூதாட்டி கவிக்காரர். இலங்கையிலிருந்து திரும்பி அங்குள்ள ஏலத்தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தமிழர்களில் ஒருவர். பாதை மூடியிருந்ததா என்று கேட்டதற்கு, “யானை தெனமுந்தான் நிக்குது. அதுக்காக பஸ்ஸு வராம இருக்குமா, தம்பி?” என்றார். ஓட்டுநர் கைபேசியை எடுத்துக்கொண்டு ஜீப்பின் மறுபக்கம் போய்விட்டார்.

முகவரிடம் முறையிட்டபோது அவர் காட்டியது எங்களிடமே இருந்த ரசீதை. அதில் ‘ஜீப் சஃபாரி, முழு நாள்’ என்று மட்டுமே இருந்தது. பலகையில் பெரிதாக இருந்த கவி என்ற பெயர் ரசீதில் எங்குமே இல்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு தலைக்கு 300 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். மீதிக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம்.

எனவே, பணத்தை எடுப்பதற்கு முன்பே உங்கள் பெயரும் பயண நாளும் குறிக்கப்பட்ட வன வளர்ச்சிக் கழக முன்பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சாவடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் வேறு கடைக்கும் போக வேண்டாம், கழகத்திடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். காட்டைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அந்த அரசுப் பேருந்தே இருக்கிறது.