வீட்டு மேசையில் மின்சாரமும் ஒளியும்: சாதாரண நிலை இயற்பியலுக்கு இரண்டு ஆண்டு துணை நின்ற ஒரு பெட்டி

"கரண்ட் போயிடுச்சு." "கரண்ட் பில் ஏறிடுச்சு." "கரண்ட் அடிச்சிடுச்சு." வீட்டில் புழங்கும் இந்த மூன்று கரண்டும் ஒன்றல்ல. முதலாவது மின்விநியோகம், இரண்டாவது செலவான ஆற்றல், மூன்றாவதுதான் உண்மையில் மின்னோட்டம். தேர்வுத்தாளில் இவற்றைக் கலந்து எழுதினால் மதிப்பெண் போய்விடும். கலப்படத்தைப் பிரிக்கப் பாடக்குறிப்பு மட்டும் போதாது. மீட்டரைக் கையில் பிடித்து இரண்டு முறையாவது தப்பாக இணைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் உயர்நிலை 3 முதல் சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வு வரை இதற்கென வைத்திருந்த ஒரு பெட்டியைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு.

பெட்டியில் இருந்தவை: இரண்டு ஏஏ பேட்டரியும் அவற்றுக்கான கூடும், 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு இரண்டு, 100 ஓம், 220 ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகள், ஓர் எல்டிஆர் (வெளிச்சம் கூடினால் மின்தடை குறையும் உறுப்பு), முதலைக்கிளிப் வயர்கள், டிஜிட்டல் மல்ட்டிமீட்டர். ஒளிக்கு அரைவட்ட அக்ரிலிக் கட்டை, 10 செ.மீ. குவியத்தூரக் குவிலென்ஸ், பாகைமானி. மின்சாமான்கள் சிம் லிம் டவரில் சில்லறையாகவே கிடைக்கும். மல்ட்டிமீட்டரில் சாதாரண ரகமே போதும்.

முதலில் ஏமாற்றியது பல்பு. பார்க்க அழகு, கணக்குக்கு ஆகாது. மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் குளிர்ந்த பல்பை அளந்தால் ஏறத்தாழ 1 ஓம்தான் காட்டும். எரியும்போது 2.5 ஐ 0.3 ஆல் வகுத்தால் 8.3 ஓம். இழை சூடேற ஏற மின்தடை கூடுகிறது. அதனால் இரண்டு பல்பைத் தொடரில் போட்டால் மின்னோட்டம் பாதியாகக் குறையாது, பாதிக்கு மேலேயே நிற்கும். "ஓம் விதி பொய்யா?" என்று பிள்ளை கேட்பது இந்த இடத்தில்தான். பொய்யில்லை, வெப்பநிலை மாறாதபோது என்ற நிபந்தனையோடு வரும் விதி அது. இழை விளக்கின் வரைபடம் ஏன் வளைகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை அச்சில் கிடைக்காது. ஆனால் தொடர், பக்க இணைப்புக் கணக்குகளைப் பழக மின்தடைகளுக்கு மாறிவிடுவதே நல்லது.

புதிய ஏஏ ஒன்று 1.5 அல்ல, ஏறக்குறைய 1.6 வோல்ட் காட்டும். ஆகவே 3.0 என்று வைத்துக் கணக்குப் போடாமல், அளந்த 3.2 ஐ எடுத்துக்கொள்ளவும். 100, 220 ஓம் இரண்டும் தொடரில் 320 ஓம், மின்னோட்டம் 10 மில்லிஆம்பியர். மீட்டரைப் பேட்டரிக்கு முன்னும், நடுவிலும், கடைசியிலும் செருகிப் பார்த்தால் மூன்று இடத்திலும் அதே 10. "முதல் தடை கரண்டைத் தின்றுவிடும்" என்ற எண்ணம் அங்கேயே செத்துப்போகும். பிரிந்தது வோல்ட்தான்: ஒன்றின் குறுக்கே 1.0, மற்றதன் குறுக்கே 2.2. பக்க இணைப்பில் 32, 14.5, மொத்தம் 46.5 மில்லிஆம்பியர். மின்தடைகளுக்கு 5 விழுக்காடு வரை வேறுபாடு இருக்கும் என்பதால் கடைசி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழவேண்டாம்.

மல்ட்டிமீட்டரில் அதிகம் போவது உள்ளிருக்கும் சின்ன ஃபியூஸ். 200 மில்லிஆம்பியர் அளவில் வைத்துக்கொண்டு 0.3 ஆம்பியர் பல்பை அளந்தால் போகும். அம்மீட்டரைப் பேட்டரிக்குக் குறுக்கே வைத்தாலும் போகும். பல்புக்குச் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும். அடுத்த வம்பு அதிலிருந்தே வரும்: அளந்து முடித்ததும் திருகியை வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு, வயரை அந்தத் துளையிலேயே மறந்துவிடுவார்கள். அப்படியே பேட்டரியின் குறுக்கே வைத்தால் நேர் ஷார்ட் சர்க்கியூட், பேட்டரி கையைச் சுடும். அம்மீட்டருக்கு ஏன் மிகக் குறைந்த மின்தடை, வோல்ட்மீட்டருக்கு ஏன் மிக அதிகம் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது.

எல்டிஆர்தான் இந்தப் பெட்டியின் செல்லப்பிள்ளை. 10 கிலோ ஓமுடன் தொடரில் வைத்தால் மின்னழுத்தப் பகிர்வுச் சுற்று தயார். வெளிச்சத்தில் அதன் மின்தடை 1 கிலோ ஓம் என்றால் அதன் குறுக்கே 0.29 வோல்ட், விரலால் மூடி 100 கிலோ ஓம் ஆனால் 2.9 வோல்ட். இருட்டில் எதன் குறுக்கே வோல்ட் ஏறுகிறது என்ற கேள்வியில், நிலையான தடையின் பெயரை எழுதிவிட்டு வருபவர்கள் ஏராளம். மீட்டரை இரண்டின் குறுக்கேயும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் அந்தத் தடுமாற்றம் போகும்.

230 வோல்ட் பக்கம் இந்தப் பெட்டி போகவே கூடாது. அந்தப் பகுதி முழுக்க ஏட்டுப் படிப்புதான், ஆனால் விடையின் சங்கிலி அறுபடக் கூடாது. 'எர்த் வயர் கரண்டைத் தரைக்கு அனுப்பிவிடும்' என்பது அரைகுறை விடை. லைவ் வயர் உலோக உறையைத் தொடுகிறது, எர்த் வயர் குறைந்த மின்தடைப் பாதை தருகிறது, பெரிய மின்னோட்டம் பாய்கிறது, லைவ் வயரில் உள்ள ஃபியூஸ் உருகுகிறது, உறைக்கு மின்தொடர்பு அறுகிறது: ஐந்து படியும் வேண்டும். ஃபியூஸ் கணக்குக்குச் சமையலறையே போதும். 2200 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் 9.6 ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போகும், எனவே 13.

ஒளிக்கு வருவோம். அரைவட்டக் கட்டை ஒன்றே இரண்டு வேலைக்கும் ஆகும். கறுப்பு அட்டையில் 1 மி.மீ. பிளவு வெட்டிக் கைப்பேசி விளக்கின்முன் நிறுத்தினால் நல்ல ஒளிக்கீற்று வரும்; லேசர் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. கீற்று தட்டையான முகத்தின் நடுப்புள்ளியில் பட்டால் ஒளிவிலகல் சோதனை. வளைந்த பக்கமாக அதே நடுப்புள்ளியை நோக்கி விட்டால் மாறுநிலைக் கோணம் (அதைத் தாண்டினால் ஒளி வெளியேறாமல் முழுதும் உள்ளேயே திரும்பும்), அக்ரிலிக்கில் ஏறத்தாழ 42 பாகை. நடுப்புள்ளி 2 மி.மீ. தவறினாலும் வளைந்த முகத்திலேயே கீற்று வளைந்துவிடும், கோணம் எல்லாம் குளறுபடி. கட்டையின் ஓரத்தைத் தாளில் வரைந்து, நடுவைக் குறித்து, செங்குத்துக்கோட்டைப் போட்டுவிட்டுத்தான் விளக்கை ஏற்ற வேண்டும்.

சிறிய கோணங்களை நம்பக் கூடாது. விலகல் எண் (படுகோணத்தின் சைனை விலகுகோணத்தின் சைனால் வகுத்தது) 1.49 உள்ள கட்டையில் படுகோணம் 10 பாகை என்றால் விலகுகோணம் 6.7. அதை ஒரு பாகை கூட்டிப் படித்துவிட்டால் விலகல் எண் 1.30 என்று வந்து நிற்கும். படுகோணம் 60 ஆக இருந்தால் அதே ஒரு பாகைப் பிழைக்கு 1.46. எனவே 30 க்கும் 70 க்கும் இடையில் ஐந்தாறு அளவு எடுத்து, சைன் மதிப்புகளை வரைபடமாக்கிச் சாய்வைக் காண்பதே முறை. செய்முறைத் தாளுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு என்பதால் இந்தப் பழக்கம் வீணாகாது.

லென்ஸின் குவியத்தூரம் காண வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னல் ஒரு வரப்பிரசாதம். எதிர்ப் புளோக்கின் பிம்பத்தைச் சுவரிலோ தாளிலோ பிடித்தால் போதும். 20 மீட்டர் தொலைவென்றால் 10.05 செ.மீ. வரும், பிழை ஒன்றுமில்லை. சோம்பல்பட்டு, லென்ஸிலிருந்து 1.8 மீட்டர் மேலே இருக்கும் கூரை விளக்கை வைத்தால் 10.6 வந்துவிடும். பின்பு பொருளை 30, 20, 15 செ.மீ. எனக் கிட்டக் கொண்டுவந்தால் பிம்பம் 15, 20, 30 எனத் தள்ளிப்போகும். 10 க்குள் வந்ததும் திரையில் ஒன்றும் விழாது, லென்ஸ் வழியே பார்த்தால்தான் தெரியும். மாயபிம்பத்தை வரையும்போது பின்னோக்கிய கோடுகளைப் புள்ளிக்கோடாகப் போட மறக்கிறவர்கள் இதைச் செய்து பார்த்தபின் மறப்பதில்லை.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' (PhET) என்ற, சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைச் செயலியும் கூடவே ஓடியது. இணைப்பை மாற்றி உடனே விடை பார்க்க அதுதான் வேகம். ஆனால் அதில் வழக்கமாக வரும் பல்பு மாறாத மின்தடை. பாகைமானி நழுவாது, மீட்டரின் ஃபியூஸும் போகாது. உயர்நிலை 3 இல் பெட்டி, தேர்வுக்கு முந்திய இரண்டு மாதத்தில் பழைய வினாத்தாள்களும் செயலியும் என்று வைத்துக்கொள்வது சரியாக இருந்தது. கடைசி வாரத்தில் பெட்டியைத் திறந்தால் நேரம்தான் போகும்.

இரண்டு ஆண்டில் போனவை: இரண்டு மீட்டர் ஃபியூஸ், ஒரு பல்பு, முதலைக்கிளிப்பில் பாதி. நம் ஊர் ஈரப்பதத்தில் கிளிப்பின் பல்லில் துரு ஏறித் தொடர்பு விட்டு விட்டு வரும். மீட்டரில் எண் தாவிக்கொண்டே இருந்தால் சுற்றைச் சந்தேகிக்கும் முன் கிளிப்பைத் தேய்க்கவும். பேட்டரியைக் கூட்டிலேயே விட்டு வைத்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். அக்ரிலிக் கட்டையின் தட்டை முகம் கீறாமல் இருக்க ஒரு பழைய காலுறையே போதுமான உறை.