ஹாட் பிக்சலும் லேசர் காயமும்: எதற்கு மருந்து உண்டு, எதற்கு இல்லை?

தை பிறந்தால் ஆரியங்காவு தாண்டி உற்சவம். பங்குனி, சித்திரையில் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் கொடை. விடிய விடிய வீடியோ, நடுநடுவே வாணவேடிக்கைக்கு லாங் எக்ஸ்போஷர், அதாவது ஷட்டரைப் பல விநாடி திறந்து வைத்து எடுப்பது. சீசன் முடிந்து படத்தைப் பெரிதாக்கினால் கருப்பு வானத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். "அண்ணாச்சி, சென்சார் போச்சா?" என்று கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு, படத்தைப் பதியும் அந்தச் சில்லுக்கு எதுவும் ஆகியிருக்காது.

முதலில் சோதனை. லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600-ல் 30 விநாடி எடுத்து, 100 சதவீதத்தில் பாருங்கள். தனித்தனியாக மின்னுபவை ஹாட் பிக்சல்கள். குறுக்கும் நெடுக்குமாக முழுக்கோடு ஓடினாலோ, திட்டாக ஒரு கறை நின்றாலோ மேடை லேசர் பட்டுச் சென்சார் காயப்பட்டிருக்கலாம்.

ஹாட் பிக்சல் என்பது மின்கசிவு. வெளிச்சமே படாத பிக்சலிலும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். சூடு ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி கூடினால் கசிவு இரட்டிப்பாகும். மணிக்கணக்கில் வீடியோ ஓடிய கேமராவில் புள்ளி பெருகுவது இதனால்தான். காஸ்மிக் கதிர்கள் சிலிக்கானைக் குத்துவதாலும் புதிதாக உண்டாகும். விமானத்தில் பறக்கும் உயரத்தில் இது பல மடங்கு அதிகம், ஆனால் பீரோவில் பூட்டி வைத்தாலும் தப்பாது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எக்ஸ்ரே பெட்டிக்குள் கேமராவை விட யோசிப்பவர்கள் உண்டு. அது பிலிமுக்கான பயம், டிஜிட்டலுக்கு வேண்டாம்.

தீர்வுகளில் என் முதல் ஓட்டு பிக்சல் மேப்பிங்குக்கு. கெட்ட பிக்சலைக் குறித்துவைத்து, அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பால் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒலிம்பஸில் மெனுவிலேயே உண்டு, நிக்கான் இசட் வரிசையில் பலவற்றிலும் உண்டு. சோனியின் பல மாடல்கள் தாமாகவே செய்துகொள்ளும். கேனான்காரர்கள் மூடியைப் போட்டு, மேனுவல் சென்சார் கிளீனிங்கை ஓடவிட்டு, அரை நிமிடம் கழித்து அணைப்பார்கள். பல மாடல்களில் புள்ளி மறைந்துவிடும். காசு செலவில்லை.

கேமராவுக்குள் இருக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேறு ரகம். 30 விநாடி படம் எடுத்தால், ஷட்டரை மூடி இன்னொரு 30 விநாடி இருட்டுப் படம் எடுத்துக் கழிக்கும். தென்மலை பக்கத்துப் பதின்மூன்று கண் பாலத்தை இரவில் ஒற்றைப் படமாக எடுக்க அருமை. நட்சத்திரங்கள் நகரும் தடத்தை அடுத்தடுத்த படங்களாக எடுத்துக் கோடாக்கும் ஸ்டார் டிரெயிலுக்கு ஆகாது, இடையிடையே கோடு அறுந்துபோகும். அங்கே அதை அணைத்துவிட்டு, கடைசியில் மூடியைப் போட்டு அதே அமைப்பில் சில இருட்டுப் படங்கள் எடுத்துவைத்துக் கணினியில் கழிப்பதுதான் சரி. கல்யாண ஆல்பத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ரா (கேமராவின் பதப்படுத்தாத கோப்பு) மென்பொருள்கள் பெரும்பாலும் தாமாகவே அழித்துவிடும்.

லேசருக்கு இந்த வைத்தியமெல்லாம் பலிக்காது. ஒன்றிரண்டு புள்ளியை மேப்பிங் மறைக்கலாம். கோடு விழுந்தால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும், அந்தக் காசுக்கு நல்ல பழைய கேமராவே வாங்கிவிடலாம். 2019-ல் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) பொருத்திய காரைப் படமெடுத்த சோனி கேமராவில் ஊதாப் புள்ளிகளும் கோடுகளும் விழுந்தன. கானமேளா (பாட்டுக் கச்சேரி) மேடை லேசரும் நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் இதே கதிதான், கண் இமைக்கும் நேரம் போதும்.

இந்த ஒரு விஷயத்தில், உள்ளே கண்ணாடி வைத்த பழைய ரக டிஎஸ்எல்ஆர் கேமரா ஜெயிக்கிறது. ஷட்டர் அமுக்கும் வரை சென்சாருக்கு முன் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் இருக்கும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸில் ஆன் செய்த நிமிடத்திலிருந்து சென்சார் திறந்தே கிடக்கிறது. வீடியோ என்றால் இரண்டும் ஒன்றுதான். டிஎஸ்எல்ஆரிலும் ஒரு விபரீதம் உண்டு: அதே கதிர் வியூஃபைண்டர் வழியாக நேரே உங்கள் கண்ணுக்கு வரும். சென்சாரைக் காப்பாற்றக் கண்ணைக் கொடுக்க முடியுமா?

ஆகவே லைட்காரரிடம் முன்னமே போய், "லேசர் எந்தப் பக்கம் அடிக்கும், எந்தப் பாட்டுக்கு?" என்று கேட்டுவிடுங்கள். பக்கவாட்டில் நில்லுங்கள். அந்தப் பாட்டு முடியும் வரை மூடி லென்ஸில் இருக்கட்டும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பழைய கேமரா பாடியை எடுத்துப் போங்கள்.