ரெண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டதா? அங்கேதான் நான் ஏமாந்தேன்

வெளியில் சொல்லக் கூச்சமான விஷயம்தான். ஆனால் அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் என்னிடம் கிட்டத்தட்ட 4,000 ரூபாய் பிடுங்கினார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் வேலை. ஸ்டீம் பக்கத்தில் பத்து மணி நேரம் நின்றால் சட்டை, உள்ளாடை எல்லாம் நனைந்து ஒட்டிக்கொள்ளும். போன கோடையில் தொடை இடுக்கில் ரெண்டு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து மேடாக, நடுவில் தோல் தெளிவாக. பார்த்தவுடனே படர்தாமரை என்று தெரிந்துவிட்டது. எங்கள் செக்‌ஷனில் பலருக்கும் உண்டு, ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வேட்டியை விலக்கிக் காட்ட வேண்டுமே என்று நானும் தள்ளிப்போட்டேன்.

தூக்கம் வராத ஒரு ராத்திரி மொபைலில் தேடினேன். மறுநாள் காலையிலிருந்து திறந்த பக்கமெல்லாம் அதே விளம்பரம். வண்டுகொல்லி, குப்பைமேனி, கருஞ்சீரகம், வேப்பெண்ணெய். நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவு கிடையாது, ஏழே நாளில் வேரோடு போகும். டப்பா ஒன்று 399 ரூபாய், மூன்றாக வாங்கினால் 999. என்னை இழுத்தது வண்டுகொல்லி என்ற பேர். எங்கள் அம்மாயி அந்த இலையைத்தான் அரைத்துப் பற்றுப் போடும். வாய்க்கால் ஓரத்தில் மஞ்சள் மெழுகுவத்தி நட்டுவைத்த மாதிரி பூத்து நிற்குமே, சீமை அகத்தி என்றும் சொல்வார்கள், அதுதான்.

பூசினேன். ரெண்டாம் நாளே அரிப்பு நின்றது. ஐந்தாம் நாள் சிவப்பு மங்கிவிட்டது. அம்மாயி சொன்னது சரிதான் என்று பெருமை வேறு. மனைவிக்கு இடுப்பில் ஒரு வட்டம் தெரிந்தபோது, இதையே போடு என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

நிறுத்திய பத்தாவது நாள் திரும்ப வந்தது. முன்பு ரெண்டு ரூபாய்க் காசு அளவில் இருந்தது இப்போது உள்ளங்கை அகலம். டப்பாவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"உள்ளே இருக்கிற கழிவுதான் வெளியே தள்ளுது சார். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். விடாம போடுங்க, கூடவே ரத்த சுத்திக் கேப்சூல் எடுத்துக்கோங்க."

சந்தேகமாக இருக்கிறது என்றேன். "மலேரியாவுக்கு மூலிகையில மருந்து கண்டுபிடிச்சு நோபல் பரிசே வாங்கியிருக்காங்க. நீங்க படர்தாமரைக்குப் போய் யோசிக்கிறீங்களே?" என்றார். அதைக் கேட்டு இன்னும் மூன்று டப்பாவும் கேப்சூலும் ஆர்டர் போட்ட புத்திசாலி நான்.

நான்கு மாதம் இப்படியே ஓடியது. போட்டால் அடங்கும், விட்டால் பரவும். ஆறு வயசு மகளுக்குக் கழுத்தில் ஒன்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே துண்டு, வேறென்ன. பிறகு ஒருநாள் குளிக்கும்போது பார்த்தால் என் தொடை இடுக்கில் சிவப்பாக வரி வரியாகக் கோடுகள். பிரசவமான பெண்களுக்கு வயிற்றில் விழுமே, அதே மாதிரி. அப்போதுதான் பயம் வந்தது.

தோல் டாக்டர் பார்த்ததும் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன க்ரீம் போட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கிழிந்த பனியனில் நூல் பிரிந்து கிடக்கிற மாதிரி நூல் நூலாகத் தெரிந்தது. அதுதான் பூஞ்சை.

அவர் சொன்னது இதுதான். அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டை. டப்பாவில் ஸ்டீராய்டு என்ற மருந்தைக் கலந்திருக்கலாம். அதைப் பூசினால் சண்டை நின்றுவிடும், நமக்குச் சுகமாக இருக்கும். பூஞ்சை சாகாது, காவல் இல்லாத காட்டில் மேய்கிற மாடு மாதிரி மேயும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து இப்படி வரி விழும். "ரெண்டு நாள்ல அரிப்பை நிறுத்துற பூஞ்சை மருந்து எங்கிட்டயே இல்லைங்க. ரெண்டே நாள்ல அடங்குச்சுன்னாலே எனக்குச் சந்தேகம்தான்" என்றார்.

டப்பாவை நான் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவில்லை. உள்ளே ஸ்டீராய்டு இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். மெலிந்த தோலையும், போட்டால் அடங்கி விட்டால் பாய்கிற கதையையும் வைத்து டாக்டர் சொன்னது அது. மூலிகைச் சாறு தோலில் வரி போடாது என்பது எனக்கும் புரிகிறது.

சித்த வைத்தியத்தைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வண்டுகொல்லி பொய் இல்லை. அதன் இலையில் பூஞ்சையை அடக்குகிற சரக்கு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டு சுகாதாரத் துறை தோல் பூஞ்சைக்குப் பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று. மெதுவாக வேலை செய்யும், சின்ன வட்டத்துக்குச் சரிப்படலாம். என் டப்பாவில் அது இருந்ததா, எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. நோபல் கதையும் உண்மைதான். சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015இல் கொடுத்தார்கள். ஆனால் அவர் செடியை அரைத்து டப்பாவில் அடைக்கவில்லை. மருந்துச் சரக்கை மட்டும் பிரித்தெடுத்து, நோயாளிகளிடம் சோதித்துக் காட்டினார். மலேரியாவுக்கு அந்தச் செடியைக் கஷாயமாகக் குடிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வதில்லை. விற்பவர் பாதிக் கதையில் நிறுத்திக்கொண்டார்.

மாமனாருக்கு இதில் உடன்பாடில்லை. "கீழாநெல்லி குடிச்சுத்தானே மாப்பிள்ளை எனக்கு மஞ்சக்காமாலை போச்சு?" என்பார். தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே போய்விடும். அந்தப் பேரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும். நாள்பட்டுத் தங்குகிற ஹெபடைடிஸ் பி வேறு. அதற்குக் கீழாநெல்லி உதவுகிறது என்று 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கும் அதில் கூட்டு. பின்னால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. மாமனாரிடம் இதைச் சொல்லி நான் ஜெயித்ததில்லை.

டப்பாவைத் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், சேர்ந்த சரக்குகள் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். என்னுடையதில் இருந்தது ஒரு பச்சை இலைப் படம், ஒரு ஐஎஸ்ஓ முத்திரை, "மார்க்கெட்டட் பை" என்று ஒரு பேர், ஒரு மொபைல் நம்பர்.

இங்கிலீஷ் மருந்துக் கடையும் யோக்கியம் இல்லை. ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் விதி வந்தது. எங்கள் தெருக்கோடி மெடிக்கலில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்றால் இன்றைக்கும் ஸ்டீராய்டோடு சேர்த்து மூன்று மருந்து கலந்த டியூப் கைக்கு வரும்.

குணமாக எங்களுக்கு ரெண்டரை மாதம் ஆனது. டப்பாவை நிறுத்திய முதல் வாரம் நரகம், எல்லாம் ஒரே நேரத்தில் கொழுந்துவிட்டது. எனக்கும் மனைவிக்கும் பூஞ்சைக்கான இட்ராகொனசோல் மாத்திரை, மகளுக்குப் பூசுமருந்து மட்டும். வட்டத்தைத் தாண்டி ரெண்டு விரற்கடை வெளியே வரை பூச வேண்டும். மறைந்த பிறகும் ரெண்டு வாரம் பூச வேண்டும். ஆளுக்கொரு துண்டு. துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போட்டு அயர்ன் பண்ணி உடுத்த வேண்டும். அயர்ன்காரனுக்கு அது ஒன்றுதான் சுலபம். முன்பெல்லாம் ரெண்டு வாரத்தில் போன நோய் இப்போது ஏன் இத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டேன். டெர்பினாஃபின் என்ற பழைய மருந்துக்கு அடங்காத பூஞ்சை நம் பக்கம் பரவிக் கிடக்கிறது, 2020இல் அதற்கு இந்தியாவின் பேரையே சேர்த்து டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று வைத்துவிட்டார்கள் என்றார். தொடையில் விழுந்த வரி மட்டும் போகாதாம், நிறம் மங்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போன் செய்தேன். கழிவு வெளியேறுகிறது என்று அதே பாட்டு. ரெண்டாவது முறை பிளாக் செய்துவிட்டார்கள்.

போன வாரம் அதே டப்பா, மூடி மட்டும் நிறம் மாறி, வேறு பேரில் என் மொபைலில் வந்தது. கீழே "விலை எவ்வளவு?" என்று கேட்டவர்களில் எங்கள் பேக்கிங் செக்‌ஷன் பையனும் ஒருத்தன். டீ நேரத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டு, "அண்ணா, அந்த டாக்டர் எத்தனை மணிக்குங்க வருவாரு?" என்றான்.